கர்ப்ப காலத்திலும் பிள்ளைப்பேற்றுக்குப் பின்னும் மனச்சோர்வைச் சோதிப்பது எப்படி: வீடு வீடாகப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் கோயில் மாதர் குழுவிலிருந்தோ, கிளினிக் சிஸ்டர் சொல்லியோ, கர்ப்பிணிகளையும் பிள்ளை பெற்றவர்களையும் போய்ப் பார்க்கிற பெண்களுக்காக இதை எழுதுகிறேன். கணவனின் வேலைக்காக ஊரிலிருந்து வந்து இறங்கிய இளம்பெண்களும் நம்மிடம் வருவார்கள். இங்கேயே பிறந்து, வீட்டில் ஆங்கிலமும் ஆயாவிடம் (பாட்டியிடம்) மட்டும் கொஞ்சம் தமிழும் பேசுகிறவர்களும் வருவார்கள். மனச்சோர்வைச் சோதிக்கும் கேள்வித்தாளில் 10 கேள்விகள், 5 நிமிட வேலை. புதிதாகச் சேருகிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது அந்த 5 நிமிடத்துக்கு முன்பும் பின்பும்தான்.

இந்தச் சோதனை நோயைக் கண்டுபிடிக்காது. யாரை மருத்துவர் சீக்கிரம் உட்கார வைத்துப் பேச வேண்டும் என்று பிரித்துக் காட்டும், அவ்வளவுதான். மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு "உனக்கு டிப்ரெஷன்" என்று சொல்லும் உரிமை நமக்கு இல்லை.

1. முதலில், எங்கே அனுப்புவீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

கையில் தாள் வருவதற்கு முன்பே இது முடிந்திருக்க வேண்டும். ஒரு பெண்ணின் மனதைத் திறக்க வைத்துவிட்டு, "அப்புறம் பார்க்கலாம்" என்று எழுந்து வருவது கேட்காமலே இருந்ததைவிட மோசம்.

எனக்கே நடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, மதியம் 3 மணி. தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்ற பத்தாம் கேள்விக்கு அந்தப் பெண் ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டாள். என்னிடம் இருந்தது ஒரே ஒரு தொலைபேசி எண். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அவள் கணவன் வேலை முடிந்து வரும்வரை லவுஞ்சில் அவளோடு உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து தாளின் பின்பக்கம் இவை எழுதியிருக்காமல் நான் வீட்டைவிட்டு இறங்குவதில்லை:

உங்கள் கிளினிக்கில் இதற்குப் பொறுப்பான சிஸ்டர் யார், ஆலோசகரோ மனநலச் செவிலியரோ எந்தெந்த நாள் வருகிறார்கள், மாலை 4 மணிக்கு மேல் எந்த மருத்துவமனைக்குப் போவது. தென்னாப்பிரிக்க மனச்சோர்வு, மனப்பதற்றக் குழுவின் தற்கொலைத் தடுப்பு எண் 0800 567 567. ஆம்புலன்ஸ் 10177, கைப்பேசியிலிருந்து 112. வீட்டில் அடி உதை என்றால் 0800 428 428.

அப்புறம், நீங்களே ஒருமுறை அந்தக் கிளினிக்குக்குப் போய்ப் பாருங்கள். ஃபோல்டர் (நோயாளியின் கோப்பு) எடுக்கும் ஜன்னல் எது, எத்தனை மணிக்குப் போனால் வரிசை குறைவு, ஆலோசகர் அறை எந்தப் பக்கம். "நீலக் கதவு, அதுக்குப் பக்கத்துல ஒரு பெஞ்ச் இருக்கும்" என்று சொல்லத் தெரிந்தால் அவள் போவாள். முகவரி மட்டும் எழுதிக் கொடுத்தால் பாதிப் பேர் போவதில்லை.

காசு கேட்பார்களோ என்ற பயம் ஊரிலிருந்து வந்தவர்களுக்கு அதிகம். மெடிக்கல் எய்டு (தனியார் மருத்துவக் காப்பீடு) இல்லாத கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் அரசுக் கிளினிக்கில் கட்டணம் கிடையாது. சட்டமே அப்படித்தான் சொல்கிறது. இதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

2. எந்தத் தாள், எந்த மொழி

நாங்கள் பயன்படுத்துவது எடின்பரோ தாள். 1987-ல் வெளியானது. 10 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 4 பதில்கள், மொத்தம் 30 மதிப்பெண். பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு கேட்பதற்காக எழுதப்பட்டது, கர்ப்ப காலத்திலும் செல்லும். பசி, களைப்பு, உடல் எடை பற்றியெல்லாம் இதில் கேள்வி கிடையாது. கர்ப்பிணிக்கு இவை மாறத்தானே செய்யும்! அதனால்தான் பொதுவான மனச்சோர்வுத் தாளைவிட இது நமக்குத் தோது.

நேரமே இல்லை, வரிசையில் 40 பேர் என்றால் இங்கேயே உருவான மூன்று கேள்விச் சோதனை ஒன்று இருக்கிறது. கடந்த 2 வாரத்தில் கவலையை நிறுத்த முடியாமல் போனதா, மனம் சோர்ந்து நம்பிக்கை இழந்தீர்களா, உங்களை நீங்களே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணமோ திட்டமோ வந்ததா. இரண்டுக்கு ஆமாம் என்றால் ஆலோசகரிடம். மூன்றாவதற்கு மட்டும் ஆமாம் என்றாலும் அன்றைக்கே.

மொழி விஷயத்தில்தான் ஒரு பொறி இருக்கிறது. ஆங்கிலத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வாயால் தமிழில் பெயர்த்துச் சொல்லாதீர்கள். சரிபார்க்கப்பட்ட தமிழ்த் தாள் உண்டு. வேலூரில் அதைச் சோதித்துப் பார்த்தபோது 9 மதிப்பெண்ணிலிருந்தே கவனிக்க வேண்டும் என்று வந்தது. ஜோகன்னஸ்பர்க்கில் தாய்மார்களுக்கு வாசித்துக் காட்டிச் செய்த ஆய்வில் வரம்பு 12. மூலத்தாளை எழுதியவர்கள் சொன்னது 13. ஒரே தாள்தான், மொழியும் ஊரும் மாறும்போது வரம்பு மாறுகிறது. தமிழ்த் தாளில் 10 வாங்கியவளை "13 இல்லையே" என்று விட்டுவிடுவது புதியவர்கள் செய்கிற பெரிய தவறு.

வீட்டில் ஜூலு பேசும் மருமகள் என்றால் நீங்கள் முயலவே வேண்டாம், சிஸ்டரிடம் விடுங்கள். பத்து வயது மகளை மொழிபெயர்ப்பாளராக உட்கார வைப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கூடவே கூடாது.

3. எப்போது கேட்பது

கர்ப்பத்தில் 2 முறை: கிளினிக்கில் முதலில் பெயர் பதியும்போது ஒன்று, ஏழாம் எட்டாம் மாதத்தில் ஒன்று. பிள்ளைப்பேற்றுக்குப் பின் 6 வாரத்தில் ஒருமுறை, மூன்று நான்கு மாதத்தில் இன்னொரு முறை. குழந்தைக்கு 6, 10, 14 வாரங்களில் தடுப்பூசி போட எப்படியும் கிளினிக்குக்கு வருவாள். ரோடு டு ஹெல்த் புத்தகத்தில் (குழந்தையின் தடுப்பூசி, வளர்ச்சிப் பதிவு) தேதி இருக்கும். அதோடு சேர்த்துக்கொண்டால் தனியாக அலைய வேண்டாம்.

பிறந்த முதல் வாரத்தில் தாளை நீட்டாதீர்கள். மூன்றாம் நாள், நான்காம் நாள் சும்மாவே கண்ணீர் வரும். பாதிக்கு மேற்பட்ட தாய்மார்களுக்கு இது வருகிறது, இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். அந்த நேரத்தில் சோதித்தால் மனச்சோர்வு இல்லாதவர்களும் வரம்பைத் தாண்டக்கூடும். இரண்டு வாரம் கழிந்தும் அழுகை நிற்கவில்லையா? அப்போது 6 வாரம் வரை காத்திருக்கக் கூடாது.

நாற்பது நாள் வெளியே வரக்கூடாது என்ற வீடுகளில் நீங்கள்தான் போக வேண்டும். தீட்டு, பத்தியம் எதையும் எதிர்த்துப் பேச வேண்டாம். உள்ளே போகிற வழியை நீங்களே அடைத்துக்கொள்வீர்கள்.

4. தனி இடம்

சாட்ஸ்வொர்த்தின் பழைய வீடுகள் பாதிக்குப் பாதி ஒட்டிக் கட்டியவை. பக்கத்து வீட்டில் குழம்பு தாளிக்கிற சத்தம் இந்தப் பக்கம் கேட்கும். அவுட்பில்டிங்கில் (வீட்டை ஒட்டிய தனிக் கட்டடத்தில்) வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஒரே அறை. இதில் எங்கே தனிமை?

ஒருமுறை என்னோடு வந்த புதுப்பெண் மாமியார் பக்கத்தில் இருக்கும்போதே கேள்வியைத் தொடங்கிவிட்டாள். "நல்லா தூங்க முடியுதா?" மாமியார் பதில் சொன்னார்: "அவளுக்கு என்னம்மா, நல்லாத் தூங்குறா. நான்தானே பிள்ளையைப் பார்த்துக்கறேன்." பத்துக் கேள்விக்கும் மாமியாரே பதில். மொத்தம் 1. மருமகள் குழந்தையின் காலுறையை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தாள்.

மாமியாரை வெளியே போகச் சொல்லாதீர்கள், வேலை கொடுங்கள். "ஆயா, பிள்ளையைக் கொஞ்சம் வெயில்ல காட்டிட்டு வர்றீங்களா?" என்றால் சந்தோஷமாகப் போவார்கள். இருவர் சேர்ந்து போனால் இன்னும் எளிது. ஒருவர் ஆயாவோடு சமையலறையில் உட்கார்ந்து அவருடைய முட்டிவலியைக் கேட்கட்டும், மற்றவர் உள்ளே. எதுவுமே முடியவில்லை என்றால் கேட்காமல் திரும்பி வந்து, கிளினிக்கில் வைத்துக் கேளுங்கள். காது கேட்கும் தூரத்தில் ஆள் இருக்கும்போது வாங்கிய பதிலுக்கு மதிப்பில்லை.

கணவனுக்கும் இதே விதிதான். அடிக்கிறவன் பக்கத்தில் இருந்தால் அவள் சொல்லமாட்டாள், சொன்னால் இரவு அவள்தான் அனுபவிப்பாள்.

5. தொடங்கும் முன் சொல்ல வேண்டிய மூன்று விஷயம்

இதை எல்லோரிடமும் கேட்கிறோம் என்று சொல்லுங்கள். இல்லையென்றால் "என்னைப் பார்த்தா பைத்தியம் மாதிரி இருக்கா?" என்றுதான் அவளுக்குத் தோன்றும்.

கடந்த 7 நாட்களைப் பற்றித்தான் கேள்வி. "போன வெள்ளிக்கிழமையிலிருந்து இன்னிக்கு வரைக்கும்" என்று கிழமை சொல்லிக் கேளுங்கள், மனதில் நிற்கும்.

மூன்றாவது, ரகசியத்தின் எல்லை. "நீங்க சொல்றது சிஸ்டரைத் தவிர யாருக்கும் போகாது. உங்க உயிருக்கோ பிள்ளை உயிருக்கோ ஆபத்துன்னா மட்டும் நான் பேசாம இருக்க முடியாது." இதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று சத்தியம் செய்துவிட்டு, பத்தாம் கேள்விக்குப் பிறகு மாற்றிப் பேசினால் அந்த வீட்டுக் கதவு மறுபடி திறக்காது.

6. கேள்விகளைக் கேட்கும்போது

படிக்கத் தெரிந்தவர் தானே நிரப்பட்டும், பேனாவைக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் பாருங்கள். படிக்க முடியாதவருக்கு, அல்லது தமிழ் பேச மட்டும் தெரிந்தவருக்கு, கேள்வியையும் 4 பதில்களையும் முழுதாக வாசியுங்கள். "ஆமாவா இல்லையா?" என்று சுருக்கினால் நடுவில் உள்ள இரண்டு பதில்களும் போய்விடும். பெரும்பாலான பெண்களின் உண்மை அந்த நடு இரண்டில்தான் இருக்கிறது.

முதல் இரண்டு கேள்விகள் சிரிப்பு, எதிர்பார்ப்பு பற்றியவை. இங்கே "எப்போதும் போல" என்ற சொல்தான் உயிர். அதை விழுங்கிவிட்டு "சிரிக்க முடியுதா?" என்றால் "பிள்ளை மூஞ்சியைப் பார்த்தா சிரிப்பு வராதா?" என்பாள். முன்பு எப்படி இருந்தாய், இந்த வாரம் எப்படி என்ற ஒப்பீடு விடுபட்டுப்போகும்.

மூன்றாவது, ஏதாவது தவறானால் தேவையில்லாமல் தன்னைத்தானே குறை சொல்லிக்கொண்டாளா என்பது. ஒரு பெண் "இல்லவே இல்லை" என்று குறித்தாள். மெதுவாகச் சொன்னாள்: "தேவையில்லாம இல்லையேக்கா. பால் வரலைன்னா தப்பு என்னோடதுதானே." குற்றவுணர்ச்சியில் முழுகிக் கிடக்கிறாள், தாளில் 0. இந்த மாதிரி நேரத்தில் மதிப்பெண்ணை நீங்கள் மாற்றக்கூடாது. அவள் சொன்ன சொல்லை அப்படியே ஓரத்தில் எழுதி சிஸ்டரிடம் காட்டுங்கள். எண்ணைவிட அந்த ஒரு வரி அதிகம் சொல்லும்.

நான்காவதும் ஐந்தாவதும் காரணமில்லாத கவலை, பயம். "காரணமில்லாமலா? போன வாரம்தான் பக்கத்து வீட்டு ஜன்னல் கம்பியை அறுத்தாங்க" என்பார்கள். வாதாட வேண்டாம். கேள்வியை மறுபடி வாசித்துவிட்டு அவளையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

ஆறாவதுதான் மொழிபெயர்ப்பில் சறுக்கும் இடம். ஆங்கிலத்தில் உள்ளதைச் சொல்லுக்குச் சொல் மாற்றி "எல்லாம் உங்க மேல ஏறுதா?" என்று கேட்டாள் ஒரு தொண்டர். அந்த வீட்டு அம்மா கையெடுத்துக் கும்பிட்டு, "ஆடி மாசம் கூழ் ஊத்தும்போது மட்டும்தான்மா வரும்" என்றார். தமிழில் இதற்கு ஏற்கெனவே வார்த்தை இருக்கிறது: எல்லாம் தலைக்கு மேல போய்விட்டது, சமாளிக்க முடியவில்லை.

ஏழாவது தூக்கம். இரண்டு மணிக்கொருதரம் பிள்ளை எழுப்பினால் யாருக்குத்தான் தூக்கம்? கேள்வி அதைப் பற்றியது இல்லை. மனவருத்தத்தால் தூக்கம் வராமல் போகிறதா என்பதுதான். "பிள்ளை தூங்கும்போது, நீங்க படுத்தா தூக்கம் வருதா?" என்று ஒரு வரி விளக்கலாம். இதற்கு மட்டும் நான் விளக்கம் அனுமதிப்பேன்.

எட்டும் ஒன்பதும் சோகம், அழுகை. "பிள்ளை பெத்தவ அழுதா பால் வத்திடும்" என்று மிரட்டி வைத்திருக்கிற வீடுகளில் அழுகையை ஒப்புக்கொள்ளமாட்டார்கள். "குளிக்கும்போதா, ராத்திரியா, எப்ப வேணா இருக்கலாம்" என்று சொன்னால் சிலருக்கு வாய் திறக்கும்.

எல்லாவற்றுக்கும் 0 வந்தால் சந்தோஷப்படாதீர்கள். யாரோ கேட்டுக்கொண்டிருந்திருக்கலாம், கேள்வி புரியாமல் இருந்திருக்கலாம், உங்களை நம்பாமல் இருந்திருக்கலாம். இரண்டு வாரத்தில் வேறு இடத்தில் மறுபடி கேளுங்கள்.

7. பத்தாம் கேள்வி

தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. புதியவர்கள் குரலைத் தாழ்த்தி, "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டுவிடுவார்கள். "இல்லை" என்ற பதிலை நீங்களே அவள் வாயில் வைத்த மாதிரி. மற்ற ஒன்பதையும் எந்தக் குரலில் கேட்டீர்களோ அதே குரலில் கேளுங்கள். கேட்பதால் எண்ணம் புதிதாக முளைக்காது. ஏற்கெனவே இருந்தால் சொல்ல ஒரு வழி கிடைக்கும்.

0 தவிர எந்தப் பதில் வந்தாலும், "எப்போதாவது ஒருமுறை" என்றாலும், மொத்த மதிப்பெண் 4-ஆகவே இருந்தாலும், அன்றைக்கே சிஸ்டரிடமோ மருத்துவரிடமோ போயாக வேண்டும். போவதற்குள் சிலவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். இன்றைக்கும் அந்த எண்ணம் இருக்கிறதா? எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறாளா? முன்பு எப்போதாவது முயன்றிருக்கிறாளா? பிள்ளையைப் பற்றியும் அப்படி நினைப்பு வருகிறதா? இன்று இரவு வீட்டில் யார் இருப்பார்கள்?

திட்டம் இருக்கிறது என்றால் அவளைத் தனியாக விடாதீர்கள், குளியலறைக்குப் போவதானாலும் கதவருகில் ஆள் இருக்கட்டும். வீட்டிலுள்ள மாத்திரை, பூச்சிமருந்து எல்லாம் வேறு கைக்குப் போகட்டும். நீங்களே கூட மருத்துவமனைக்குப் போங்கள்.

"பிள்ளை முகத்தைப் பாரும்மா", "சாமிக்கு வேண்டிக்கோ" என்று அந்த நேரத்தில் சொல்லாதீர்கள். பிள்ளை முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் அவள் இவ்வளவு நாள் தாக்குப்பிடித்திருக்கிறாள்.

8. கூட்டுதல்

1, 2, 4 ஆகிய மூன்று கேள்விகளுக்கும் முதல் பதில் 0, கடைசிப் பதில் 3. மற்ற ஏழுக்கும் தலைகீழ்: முதல் பதில் 3, கடைசி 0. இதை மறந்து பத்தையும் ஒரே திசையில் கூட்டுவார்கள். எங்களிடம் ஒருமுறை 8 என்று எழுதிய தாளை சிஸ்டர் மறுபடி கூட்டிப் பார்த்தால் 19. அந்த ஏழில் வந்த 5 உண்மையில் 16. எனவே அவளெதிரே கூட்டாதீர்கள், வெளியே வந்து கூட்டுங்கள், இன்னொருவர் ஒருமுறை சரிபார்க்கட்டும்.

விட்டுப்போன கேள்வி இருந்தால் மொத்தம் செல்லாது.

9. எண் வந்த பிறகு

எங்கள் நடைமுறை இது: தமிழ்த் தாளில் 9 அல்லது அதற்கு மேல், ஆங்கிலத் தாளில் 10 அல்லது அதற்கு மேல் என்றால் சிஸ்டரிடம். 13 அல்லது அதற்கு மேல் என்றால் அந்த வாரத்திலேயே. வரம்புக்குக் கீழே, ஆனால் உங்கள் மனதுக்குச் சரிப்படவில்லை என்றால் அனுப்பிவிடுங்கள். தலை வாராமல், பிள்ளையைத் தூக்காமல், தாளில் 6 போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அவளிடம் எண்ணைச் சொல்ல வேண்டாம். "இந்த வாரம் உங்களுக்குப் பாரம் ஜாஸ்தியா இருக்குன்னு தெரியுது. சிஸ்டர்கிட்ட ஒரு தரம் பேசலாம், நானும் வரேன்" போதும்.

சிஸ்டருக்குச் சில தகவல்கள் உதவும். தூக்கமே தேவைப்படாமல் நாள்கணக்கில் துள்ளிக்கொண்டு, காசை வாரி இறைத்த காலம் முன்பு எப்போதாவது இருந்ததா? குடும்பத்தில் யாருக்காவது? இது தெரியாமல் வெறும் மனச்சோர்வு மாத்திரை கொடுத்தால் அது மறுபடி அந்தத் துள்ளல் பக்கம் தள்ளிவிடக்கூடும். இரத்தசோகையும், பேற்றுக்குப் பின் தைராய்டு கெடுவதும் இதே மாதிரி களைப்பைக் காட்டும், இரத்தம் சோதிக்கச் சொல்வார்கள்.

மாத்திரை ஏற்கெனவே சாப்பிடுகிறவளிடம் "பால் குடுக்கற, நிறுத்திடு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே போகின்றன. திடீரென்று நிறுத்தினால் வருகிற சிக்கல்தான் பெரிது. வால்ப்ரோயேட் (வலிப்புக்கும் மனநிலை ஏற்ற இறக்கத்துக்கும் கொடுக்கிற மாத்திரை) வேறு விஷயம்: கர்ப்பிணி அதைச் சாப்பிடுகிறாள் என்றால் கருவுக்கு ஆபத்து, உடனே மருத்துவரிடம். அதையும் தானாக நிறுத்தக் கூடாது.

தாளே தேவைப்படாத ஒரு நிலை உண்டு. ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள், புத்தி பேதலிப்பு வரும். தூங்கமாட்டாள், விடாமல் பேசுவாள், பிறர் காதில் விழாத குரலுக்குப் பதில் சொல்வாள், "இது என் பிள்ளையே இல்லை" என்பாள். வீட்டில் பேய் பிடித்தது என்பார்கள், கோயிலுக்கு வண்டி பேசுவார்கள். நேர்த்திக்கடனைக் குறை சொல்லாதீர்கள். "முதல்ல ஆஸ்பத்திரி, அப்புறம் கோயில்" என்று வரிசையை மட்டும் மாற்றுங்கள். அவள் வர மறுத்தால் கணவனோ நெருங்கிய உறவினரோ விண்ணப்பித்து, மருத்துவமனையில் 72 மணி நேரம் வைத்துப் பரிசோதிக்க 2002-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் இடம் தருகிறது. இதற்கு இரவு பகல் பார்க்கக் கூடாது.

10. தாள் எங்கே போகிறது

தாளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகாதீர்கள். அன்றைக்கே சிஸ்டரிடம் கொடுத்து அவளுடைய ஃபோல்டரில் சேர்க்கச் சொல்லுங்கள். உங்கள் நோட்டில் பெயர் வேண்டாம். தேதி, எந்த மொழித் தாள், மொத்தம், பத்தாம் கேள்வியின் பதில் தனியாக, யாரிடம் அனுப்பினீர்கள், போனாளா. கடைசிக் கட்டத்தைத்தான் எல்லோரும் காலியாக விடுகிறார்கள். ஒரு வாரம் கழித்து நீங்கள் போன் பண்ணிக் கேட்டால்தான் அது நிரம்பும்.

வரம்பையொட்டி நின்றவர்களுக்கு இரண்டு வாரத்தில் மறுபடி அதே தாள், முடிந்தால் அதே ஆள். பழைய மதிப்பெண்ணைப் பார்க்காமல் கேளுங்கள். கோயிலில் பூஜையன்று அவளைப் பார்த்தால் தாளைப் பற்றி எதுவும் பேசாதீர்கள், பிள்ளை எத்தனை கிலோ என்று மட்டும் கேளுங்கள்.